ஐசிஸ் மென்பொருளை எங்கே, எப்படி நிறுவுவது? கோள்களின் படங்களைக் கையாள்வோருக்கான ஓர் ஒப்பீடு

நிலவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலத்தின் குறுங்கோணப் படக்கருவி அனுப்பிய மூலப்படம் ஒன்றைக் காப்பகத்திலிருந்து இறக்கித் திறந்தால், 5,064 படப்புள்ளி அகலமும் 52,224 வரி நீளமும் கொண்ட ஒடுங்கிய நாடா ஒன்றுதான் கண்ணில் படும். வடக்கு எந்தப் பக்கம் என்பது அந்த நாடாவில் தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் நிலவின் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் விழுகிறது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்காது. உணரியின் கூறுகள் ஒளியை ஒரே அளவாக உணராததால் நெடுக்குக் கோடுகளும் அதில் ஓடும். இந்த நாடாவை நிலவின் மேற்பரப்பில் உரிய இடத்தில் பொருந்தும் வரைபடமாக மாற்றுவதற்கு, கோள் அறிவியலில் மிகப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் ஐசிஸ். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிளாக்ஸ்டாஃப் நகரில் இயங்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் வானிலவியல் மையம் இதை உருவாக்கிப் பேணி வருகிறது. அப்பல்லோ காலத்து நிலவு வரைபடப் பணிகளுக்காக யூஜின் ஷூமேக்கர் உருவாக்கிய ஆய்வுப் பிரிவுதான் இன்றைய அந்த மையம்.

ஐசிஸ் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே கிடைக்கிறது. எனினும் அது ஒரு சாளரத்தைத் திறந்து பொத்தானை அழுத்தும் செயலியன்று. முனையத்தில் ஒவ்வொன்றாக இயக்க வேண்டிய பல நூறு சிறு நிரல்களின் தொகுதி அது. விண்கலத்தின் கோப்பை ஐசிஸின் கியூப் வடிவத்துக்கு மாற்ற ஒன்று, ஒளியளவைத் திருத்த ஒன்று, விண்கலம் நின்ற இடத்தையும் நோக்கிய திசையையும் சேர்க்க ஒன்று, கோளின் வளைந்த பரப்பைத் தட்டையான வரைபடமாக விரிக்க, அதாவது வரைபட வீழலாக்க ஒன்று என அவை பிரிந்து நிற்கின்றன. ஆகவே இதை நிறுவுவதில் எடுக்க வேண்டிய முடிவுகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை. எந்த இயங்குதளத்தில் எந்த முறையில் நிறுவுவது என்பதைப் பற்றியே பலரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. நிரல்களுக்குத் துணையாக இருக்க வேண்டிய தரவுக் கோப்புறை எங்கே இருக்கப்போகிறது, எவ்வளவு பெரிதாக இருக்கப்போகிறது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கண்டவருக்கு மற்ற முடிவுகளில் பாதி தாமே தெளிந்துவிடும்.

அதற்கும் முன்பாக, ஐசிஸ் தேவைதானா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது. செவ்வாயின் ஹைரைஸ் படக்கருவியின் படங்கள் திருத்தப்பட்டு, வரைபட வீழலாக்கப்பட்ட நிலையிலேயே வெளியிடப்படுகின்றன. அவற்றை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் நேரடியாகத் திறக்கும். கியூப் கோப்புகளைப் படிக்கும் திறன் ஜிடால் என்ற நிரல் நூலகத்திலும் உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேமார்ஸ், ஜாவாவில் இயங்குவதால் விண்டோஸிலும் தடையின்றி நிறுவலாம். பல படக்கருவிகளின் தரவை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்க அது போதும். ஆயத்தமான வரைபடங்களைப் பார்ப்பதும் அளப்பதும் மட்டுமே நோக்கமென்றால் ஐசிஸ் பக்கமே வர வேண்டியதில்லை. மூலப்படத்திலிருந்து தொடங்க வேண்டியவருக்கும், ஒளியளவுத் திருத்தத்தைத் தாமே கட்டுப்படுத்த வேண்டியவருக்கும், பல படங்களை ஒன்றோடொன்று துல்லியமாகப் பொருத்த வேண்டியவருக்கும்தான் பின்வரும் ஒப்பீடு பயன்படும்.

தரவுக் கோப்புறை என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு படம் எடுக்கப்பட்ட நொடியில் விண்கலம் எங்கே இருந்தது, எத்திசையில் திரும்பியிருந்தது, படக்கருவி விண்கலத்தில் எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டிருந்தது, விண்கலத்தின் கடிகாரம் பூமி நேரத்தோடு எப்படி ஒத்துப்போகிறது, கோள் எவ்வளவு சுழன்றிருந்தது என்ற விவரங்கள் அனைத்தும் ஸ்பைஸ் கெர்னல்கள் எனப்படும் கோப்புகளில் இருக்கின்றன. (இங்கே கெர்னல் என்பது லினக்ஸின் கருநிரலைக் குறிப்பதன்று, பெயர் ஒற்றுமையால் புதியவர்கள் குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.) ஸ்பைஸ் முறையைப் பேணுவது பாசடேனாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் நைஃப் குழு. ஐசிஸில் உள்ள ஸ்பைஸ்இனிட் என்னும் நிரல், படத்தின் தலைப்பிலுள்ள நேரத்தையும் கருவியின் பெயரையும் பார்த்து, அந்த நேரத்துக்குப் பொருந்தும் கெர்னல்களைத் தரவுக் கோப்புறையிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. முன்கணிப்பாகத் தரப்பட்டவை, பின்னர் மீளக் கணக்கிடப்பட்டவை, படங்களை ஒன்றோடொன்று பொருத்தி மேலும் செம்மையாக்கப்பட்டவை என அவற்றுக்குத் தரவரிசையும் உண்டு.

இந்தக் கோப்புகளின் மதிப்பை உணர சந்திரயான்-1 நல்ல எடுத்துக்காட்டு. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட அந்த விண்கலத்தில் நாசா அனுப்பிய நிலவுக் கனிம வரைபடக் கருவியின் தரவை ஐசிஸ் ஏற்கிறது. 2009ஆம் ஆண்டில் விண்கலத்தின் விண்மீன் உணரிகள் செயலிழந்தன. விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் உறுப்பே போய்விட்டால், விண்கலம் எத்திசையை நோக்கியிருந்தது என்ற விவரம் பழைய துல்லியத்தோடு இருக்க முடியாது. படக்கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், திசை விவரம் தளர்ந்தால் படம் நிலவில் இடம் தவறி விழும். ஐசிஸ் நிறுவியவர் தம் மென்பொருளில்தான் ஏதோ பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார்.

சிக்கல் இவற்றின் அளவில்தான் இருக்கிறது. எல்லா விண்கலங்களின் தரவையும் சேர்த்தால் டெராபைட் கணக்கில் வரும். எல்ஆர்ஓ போன்ற ஒரே விண்கலத்தின் கெர்னல்கள்கூட நூற்றுக்கணக்கான ஜிபி. நொடிக்கு 40 மெகாபிட் வேகம் உண்மையாகவே கிடைக்கும் வீட்டு இணைப்பில் 250 ஜிபியை இறக்க ஏறத்தாழ 14 மணிநேரம் ஆகும். அந்த வேகம் இரவு முழுவதும் நிலைக்கும் என்று நம்பித் திட்டமிடுவது சரியன்று. இங்கே இரண்டு வழிகள் உண்டு. தேவையான விண்கலத்தின் கெர்னல்கள் அனைத்தையும் தம் வட்டில் இறக்கி வைத்துக்கொள்வது ஒன்று. ஸ்பைஸ்இனிட்டில் இணையச் சேவை என்ற தெரிவை இயக்குவது மற்றொன்று. அப்போது படம் எங்கும் அனுப்பப்படுவதில்லை. படத்தின் தலைப்பு விவரம் மட்டும் சேவையகத்துக்குப் போய், கணக்கிடப்பட்ட இடமும் திசையும் அட்டவணைகளாகத் திரும்பி வந்து கியூப் கோப்புக்குள்ளேயே அமர்ந்துவிடும். அதன்பின் அந்தக் கோப்புக்குக் கெர்னல்கள் தேவையில்லை.

பத்து இருபது படங்களோடு தொடங்கும் மாணவருக்கு இணையச் சேவையே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதன் எல்லைகளையும் தெரிந்துகொண்டே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வாளர் தாமே உருவாக்கிய அல்லது வேறொரு குழுவிடமிருந்து பெற்ற கெர்னல்களை அவ்வழியில் பயன்படுத்த முடியாது. ஆயிரம் படங்களை வரிசையாக ஓட்டும்போது ஒவ்வொன்றுக்கும் சேவையகத்தின் விடைக்காகக் காத்திருக்க நேரும். இணையச் சேவை கெர்னல்களுக்கு மட்டுமே மாற்று என்பதும் பலருக்கும் தெரிவதில்லை. கோள்களின் வடிவமும் உயர விவரமும் அடங்கிய அடிப்படைத் தொகுப்பும், ஒளியளவுத் திருத்தத்துக்கான விண்கலக் கோப்புகளும் தம் வட்டில் இருந்தே ஆக வேண்டும். ஐசிஸுடன் வரும் இறக்கு நிரலில் கெர்னல் கோப்புறையை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றை இறக்கும் வசதி இருக்கிறது. இந்த நடுவழியை அறியாமல் முழுவதையும் இறக்கத் தொடங்கி, வட்டு நிறைந்து, பாதியில் நின்றுபோவது வீண் இழப்பு.

வட்டில் இடம் கெர்னல்களுக்கு மட்டும் போதாது. மேலே சொன்ன நாடாவில் 26 கோடியே 44 லட்சம் படப்புள்ளிகள் இருக்கின்றன. மூலக்கோப்பில் புள்ளிக்கு ஒரு பைட். திருத்தத்துக்குப் பின் புள்ளிக்கு நான்கு பைட் ஆவதால், ஒரே படம் 1 ஜிபியைத் தாண்டும். ஒவ்வொரு படிநிலையும் புதிய கோப்பை எழுதுவதால், ஒரு படத்துக்கு நான்கைந்து ஜிபி ஒதுக்கிக்கொண்டு தொடங்குவதே பாதுகாப்பு.

இனி நிறுவும் முறைக்கு வருவோம். லினக்ஸ் இயங்கும் கணினி ஏற்கெனவே இருப்பவருக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மென்பொருளை அது சார்ந்திருக்கும் நூலகங்களோடு சேர்த்து நிறுவித்தரும் கோண்டா தொகுப்பு மேலாளர் வழியாக நிறுவுவதே அதை உருவாக்கியவர்கள் பரிந்துரைக்கும் வழி. ஐசிஸுக்கென்று தனிச் சூழல் (மற்ற நிறுவல்களோடு கலக்காத தனி இடம்) ஒன்றை உருவாக்கி, தொகுப்புகள் கிடைக்கும் தடங்களில் கோண்டா-ஃபோர்ஜ் தடத்தையும் நிலவியல் ஆய்வுத்துறையின் வானிலவியல் தடத்தையும் சேர்த்து நிறுவினால், ஐசிஸ் சார்ந்திருக்கும் எண்ணற்ற நூலகங்கள் தாமே வந்து சேரும். ஐசிஸின் வேரிடத்தையும் தரவுக் கோப்புறையின் இடத்தையும் குறிக்கும் இரண்டு சூழல் மாறிகளை அமைக்க அதனுடனேயே ஒரு சிறு பைத்தான் நிரலும் வருகிறது. இதில் நான் வலியுறுத்துவது இரண்டு. கோண்டாவோடு ஏராளமான தொகுப்புகளையும் சேர்த்துத் தரும் முழு அனகோண்டாவை நிறுவாமல், கோண்டா-ஃபோர்ஜையே இயல்பாகக் கொண்ட மினிஃபோர்ஜை நிறுவுவது நல்லது. அனகோண்டாவின் இயல்புத் தடத்திலுள்ள நூலகங்களும் கோண்டா-ஃபோர்ஜின் நூலகங்களும் ஒரே சூழலில் கலந்தால் பொருத்தச் சிக்கல்கள் எழுகின்றன. அடுத்தது, ஐசிஸ் இருக்கும் சூழலில் வேறு பைத்தான் தொகுப்புகளை ஆசைப்பட்டுச் சேர்க்கக் கூடாது. அது குறிப்பிட்ட நூலகங்களின் குறிப்பிட்ட பதிப்புகளைப் பிடித்துக்கொண்டிருப்பதால், புதிதாக வரும் ஒன்று அவற்றில் ஏதேனும் ஒன்றை நகர்த்தினாலும் நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடாது. வரைபடம் வரையவும் புள்ளியியல் பார்க்கவும் வேறொரு சூழல் வைத்துக்கொள்வதில் எந்த இழப்பும் இல்லை.

விண்டோஸ் கணினி உள்ளவர்களின் நிலைதான் உண்மையில் முடிவெடுக்க வேண்டிய நிலை. ஐசிஸ் விண்டோஸில் நேரடியாக இயங்காது. அவர்கள்முன் இருப்பவை மூன்று: வட்டைப் பிரித்து உபுண்டுவையும் நிறுவுவது, மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்குவது, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் 2ஐப் பயன்படுத்துவது. மெய்நிகர் கணினியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நினைவகத்தையும் வட்டையும் முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு இரண்டு பக்கமும் போதாமல் திண்டாட நேரும். வட்டைப் பிரிப்பது வேகத்தில் சிறந்தது, ஆனால் பழக்கமில்லாதவர் செய்யும் ஒரு தவறு உள்ளதையெல்லாம் அழித்துவிடக்கூடும். அதோடு, அலுவல் ஆவணங்களுக்காக ஒவ்வொரு முறையும் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்ற அலுப்பே பலரை ஐசிஸிலிருந்து விலக்கிவிடுகிறது.

ஆகவே பெரும்பாலானோருக்கு டபிள்யூஎஸ்எல் 2 பொருந்தும். ஒரே கட்டளையில் உபுண்டு வந்துவிடும். அதற்குள் மேலே சொன்ன கோண்டா வழியை அப்படியே பின்பற்றலாம். விண்டோஸ் 11இல் படம் காட்டும் கியூவியூ சாளரமும் கூடுதல் ஏற்பாடு இல்லாமல் திறக்கும். ஆனால் இங்கே ஓர் இடத்தில் கவனம் தேவை. லினக்ஸுக்குள்ளிருந்து விண்டோஸின் சி, டி வட்டுகளை எட்ட முடியும் என்பதால், தரவுக் கோப்புறையையும் படங்களையும் அங்கேயே வைக்கும் எண்ணம் எவருக்கும் வரும். இரண்டு இயங்குதளங்களுக்கும் நடுவே ஒவ்வொரு கோப்புக் கோரிக்கையும் மொழிமாற்றம் ஆகிப் போவதால் அந்த வழி வெகு மந்தமானது. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும் ஐசிஸ் பணியில் இந்த மந்தம் நன்றாகவே உறைக்கும். படங்களை லினக்ஸின் சொந்தக் கோப்பமைப்புக்குள் வைத்து வேலை செய்து, முடிந்த வரைபடங்களை மட்டும் விண்டோஸ் பக்கம் நகலெடுப்பதே முறை. லினக்ஸின் கோப்பமைப்பு சி வட்டில் ஒரே பெரிய கோப்பாக வளர்ந்துகொண்டே போகும் என்பதையும், உள்ளே அழித்தாலும் அது தானாகச் சுருங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கணினியின் நினைவகத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் அது இயல்பாக எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி மடிக்கணினியில் பெரிய நாடாக்களோடு போராடுபவர் இந்தக் காரணத்தை முதலில் பார்க்கலாம்.

மேக் கணினிகளில் நிலை எளிது, ஒரு நிபந்தனையோடு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் வந்த எம்1 முதலான ஆப்பிள் சில்லுகளுக்கு ஐசிஸின் பழைய பதிப்புகளில் நேரடித் தொகுப்பு கிடையாது. இன்டெல் கணினிகளுக்கான தொகுப்பை, அதை ஆப்பிள் சில்லுக்கு மொழிமாற்றும் ரொசெட்டா வழியாக ஓட்ட வேண்டும். அதற்குக் கோண்டா சூழலை உருவாக்கும்போதே இன்டெல் வகை என்று குறிப்பிட வேண்டும். உருவாக்கியபின் மாற்ற முயல்வது வீண்.

மென்பொருளையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டும் கொள்கலன் (டாக்கர் போன்றவை) வழி கேட்பதற்குக் கவர்ச்சியானது: ஒருமுறை உருவாக்கினால் எங்கும் அதே நிலையில் ஓடும். பல்கலைக்கழகச் சேவையகத்தில் ஆயிரக்கணக்கான படங்களைத் தானாக ஓட்ட வேண்டியவருக்கு அது சிறந்த தேர்வு. தனியொருவரின் மேசைக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். தரவுக் கோப்புறை எப்படியும் கொள்கலனுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதை இணைத்தாக வேண்டும். கொள்கலனுக்குள்ளிருந்து கியூவியூ போன்ற சாளர நிரல்களைத் திறப்பது தனிப் பாடு. கட்டளை நிரல்களும்கூட வரைகலை நூலகங்களைச் சார்ந்திருப்பதால், குறைந்தபட்ச உபுண்டுவின் மேல் கட்டிய கொள்கலனில் ஓபன்ஜிஎல் நூலகக் கோப்பைக் காணவில்லை என்று நிரல் நின்றுவிடும். அந்தத் தொகுப்பை உபுண்டுவின் மேலாளர் வழியாகச் சேர்த்தால் அது சரியாகிவிடும். காரணம் தெரியாதவருக்கோ ஒரு நாள் போய்விடும்.

மூலநிரலிலிருந்து தொகுப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிய படக்கருவி ஒன்றுக்கு ஐசிஸில் இடம் கொடுக்க விரும்புபவர், ஒரு பிழையைத் திருத்தி அனுப்ப விரும்புபவர் ஆகியோருக்கு அதுவே வழி. மற்றவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொகுப்பதால் வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. உலாவியில் கூகுளின் கணினியை இயக்கும் கூகுள் கோலாபில் நிறுவுவதும் இயலக்கூடியதே. ஆனால் அமர்வு முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடுவதால், வகுப்பில் ஒருமுறை காட்டுவதற்கு மேல் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

இரட்டைப் படங்களிலிருந்து நிலப்பரப்பின் உயர மாதிரியை உருவாக்குவதே இறுதி நோக்கம் என்றால் ஒப்பீடு சற்று மாறும். அப்பணிக்கு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் உருவாக்கிய ஸ்டீரியோ பைப்லைன் தேவைப்படும். அதற்குள் ஐசிஸின் நூலகங்கள் இருக்கின்றன. தனியாக இறக்கும் தொகுப்பையும், வேறொரு நேரத்தில் நிறுவிய ஐசிஸையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் இரண்டின் பதிப்புகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய ஐசிஸ் எழுதிய கியூப் கோப்பைப் பழைய நூலகம் படிக்க மறுக்கலாம். ஸ்டீரியோ பைப்லைனைக் கோண்டா வழியாக நிறுவினால் அதற்குப் பொருந்தும் ஐசிஸ் நிரல்களும் கூடவே வந்துவிடும். அத்தகையவர்கள் ஐசிஸை முதலில் தனியாக நிறுவாமல் இந்த வழியிலேயே தொடங்கலாம்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஆர்வத்தைவிடப் பொறுமை உதவும். நீண்டகால ஆதரவு பெற்ற பதிப்புகள் ஐசிஸிலும் உண்டு. புதிய வசதி ஒன்று தேவைப்பட்டாலன்றி அவற்றையே நிறுவலாம். ஆய்வேடு எழுதுபவர் தொடங்கிய பதிப்பிலேயே முடிப்பது நல்லது, ஏனெனில் திருத்த நிரல்கள் மாறும்போது எண்களும் மாறக்கூடும். கோண்டா ஒரே கணினியில் பல சூழல்களை அனுமதிப்பதால், புதிய பதிப்பை வேறு பெயரில் பக்கத்திலேயே நிறுவிப் பார்ப்பதற்குத் தடையில்லை. தரவுக் கோப்புறையை அவை பொதுவாகப் பகிர்ந்துகொள்ளலாம். பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுபவர்கள், ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரல் வழியாகத் தரவை இறக்கச் சொல்லும் கட்டளைகளைத் தாண்டிச் செல்ல வேண்டும். அந்தச் சேவை நிறுத்தப்பட்டு, தரவு இப்போது அமேசான் சேமிப்பகத்திலிருந்து ஆர்குளோன் வழியாக இறங்குகிறது. தரவுக் கோப்புறையைக் குறிக்கும் சூழல் மாறியின் பெயரில் 3 என்ற எண் இருந்தால், அந்தக் குறிப்பும் பழைய காலத்துக்கு உரியது.

பத்துப் பேர் படிக்கும் துறை ஒன்றில் எப்படிச் செய்வது என்று கேட்டால், பத்து மடிக்கணினிகளிலும் கெர்னல்களை இறக்குவதைத் தவிர்க்கச் சொல்வேன். பெரிய வட்டு கொண்ட ஒரே லினக்ஸ் சேவையகத்தில் தரவுக் கோப்புறையை வைத்து, ஒருவர் மட்டும் எழுதவும் மற்றவர்கள் படிக்கவும் உரிமை கொடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் கோண்டா சூழலை அமைத்துக்கொண்டால் போதும். கெர்னல்களைப் புதுப்பிக்கும் பொறுப்பும் அந்த ஒருவரிடமே இருக்கட்டும். இருவர் இருவேறு நாட்களில் இறக்கிய கெர்னல்களோடு ஒரே படத்தைக் கையாண்டு, சிறு இடப்பிசகுக்கு விளக்கம் தேடி வாரக்கணக்கில் அலையும் நிலை அங்கே வராது.

எந்த வழியில் நிறுவினாலும், நிறுவல் முடிந்ததற்கு நிரல்கள் திறப்பது மட்டும் சான்றாகாது. நிலவில் பலரும் அறிந்த பள்ளம் ஒன்று தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு படத்தை எடுத்து, கியூப் ஆக்கி, ஸ்பைஸ்இனிட்டை ஓட்டி, பள்ளத்தின் நடுவிலுள்ள படப்புள்ளியின் எண்ணை கேம்ப்டி நிரலுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அது தரும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெளியான வரைபடங்களிலுள்ள அந்தப் பள்ளத்தின் இடத்தோடு ஒத்திருந்தால், நிரல்கள், தரவுக் கோப்புறை, சூழல் மாறிகள், கெர்னல்கள் ஆகிய நான்கும் சரியாக இணைந்திருக்கின்றன. ஒத்திராவிட்டால் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதற்கு முன், ஸ்பைஸ்இனிட் கியூப் கோப்பின் தலைப்பில் எழுதி வைத்திருக்கும் கெர்னல்களின் பெயர்ப் பட்டியலைப் படிக்க வேண்டும். முன்கணிப்புக் கோப்பு ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியும்.